அன்னாரின் உறவினர் அல்லாதோர்

பதுளைக்கு ஒரு பத்திராதிபர் இல்லை என்ற குறை நெடுங்காலம் இருந்துவந்தது. அந்தக் குறையை ஊரில் யாரும் உணரவில்லை என்பது அதைவிடப் பெரிய குறை. இவ்விரண்டையும் ஒருசேரத் தீர்க்க முன்வந்தவர் நமுனுகுல மலையிலுள்ள தேயிலைத் தோட்டத்தில் பிறந்த கிருஷ்ணராஜ். அவருடைய வரலாற்றை எழுதித்தரும்படி எவரும் கேட்காத நிலையில், பொதுநலம் கருதி அது இங்கே எழுதப்படுகிறது.

கிருஷ்ணராஜ் வாலிபத்தில் எட்டு வருஷம் தோட்டத்துக் கொழுந்து மடுவத்தில் தராசுக்குப் பக்கத்தில் நின்றவர். பெண்கள் பறித்துவந்த கொழுந்தை நிறுத்து எழுதுவது வேலை. பெயர், நிறை. பெயர், நிறை. இத்தனை வருஷத்தில் ஒரு முழு வாக்கியம் எழுத வாய்க்கவில்லை என்பது அவருடைய மனக்குறை. மழை விடாது பெய்த ஒரு நாளில் மட்டும் மனம் தாங்காமல், ‘மேகவதி மலையைத் தழுவினாள்’ என்று ஒரு வரி எழுதிவிட்டார். மேகவதி எந்த லயத்து வரிசை வீட்டுப் பெண், அவளுக்கு ஏன் நிறை போடவில்லை என்று பெரிய கிளாக்கர் விளக்கம் கேட்டார். அந்தப் பெரிய கிளாக்கரின் மகள் குணமணியைத்தான் பிற்பாடு அவர் கல்யாணம் செய்துகொண்டார். ஆகையால் விளக்கம் இன்னும் நிலுவையில் இருக்கிறது.

கல்யாணத்தோடு மலையிறங்கிப் பதுளை பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு கொமியூனிகேஷன் திறந்தார். டெலிபோன் கூண்டுகள், ஃபோட்டோகொப்பி மெஷின் ஒன்று, காலம் முன்னேறியதும் நெட் பார்க்க நான்கு கொம்பியூட்டர்கள். இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு அந்தக் கடையின் பின்மூலையில் ‘ஊவா முகில்’ என்ற இணையத்தளம் பிறந்தது. அதன் ஆசிரியர், நிருபர், பிழை திருத்துநர் ஆகிய மூவரும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார்கள். நாற்காலி சுழலும் வகையைச் சேர்ந்தது. பதவி மாறும்போதெல்லாம் கிருஷ்ணராஜ் ஒரு சுற்று சுற்றிக்கொள்வார்.

தளத்தின் உயிர்நாடி, அவர் எழுதிய ‘நமுனுகுலவின் ஒன்பது சிகரங்களும் ஒன்பது சுவைகளும்’ என்ற தொடர். சிகரத்துக்கு ஒரு சுவை. தொடங்கி ஒரு வருஷமாகியும் மூன்றாம் சிகரத்தில் கருணைச் சுவை வழிந்துகொண்டிருந்ததே தவிர, நான்காம் சிகரத்துக்கு ஏறியபாடில்லை. அவசரமும் இல்லை. தளத்துக்கு நாள்தோறும் வந்த வாசகப் பெருமக்கள் மூன்று பேர். ஒருவர் கிருஷ்ணராஜ். இரண்டாமவர், வேறு கொம்பியூட்டரில் எப்படித் தெரிகிறது என்று எழுந்துபோய்ப் பார்த்த கிருஷ்ணராஜ். மூன்றாமவர் குணமணியின் அண்ணன் பார்த்தீபன்.

பார்த்தீபன் சுவிற்சர்லாந்தில் ஒரு ரெஸ்டூரண்டுக் குசினியில் வேலை செய்தார். தளத்துக்கான வருஷச் சந்தாவைக் கட்டியவர் அவர். எனவே அவருக்கு அதை மூடும் அதிகாரமும் இருந்தது. மறுவருஷம் ஆனி மாதத்தில் ஒரு நாள் கடைக்கு ஃபோன் வந்தது.

“மாப்ள, இந்த மாசம் நம்ம தளத்துக்கு யாரு யாரு வந்தாங்கன்னு கணக்குப் பாத்தேன்.”

“எப்டி மச்சான் இருக்கு?”

“நாந்தான் வந்திருக்கேன்.”

“வேற?”

“கூகுள்ல தேடி ஒருத்தன் வந்திருக்கான். என்னா தேடுனான்னு பாத்தேன். ஒன்பது சுவை ஐஸ்கிரீம்.”

“படிச்சானா மச்சான்?”

“வந்த வேகத்துல ஓடிட்டான். கேளு மாப்ள. சனங்க என்னா தேடுறாங்களோ அந்தச் சொல்லு நம்ம பக்கத்துல இருக்கணும். அதுக்குப் பேரு கீவேர்ட். புதுசு புதுசா கண்டுபிடி. தீபாவளி வரைக்கும் பாப்பேன். தெனம் ஐந்நூறு பேராவது வரணும். இல்லாட்டி மூடிருவேன். அப்பாகிட்டயும் பேசிட்டேன். மடுவத்துல தராசுக்கு ஆள் வேணுமாம்.”

அன்று கிருஷ்ணராஜ் சாப்பிடவில்லை. ஆசிரியர் நாற்காலியிலிருந்து தராசுக்குத் திரும்புவது, அதுவும் மாமனாருக்குக் கீழே திரும்புவது, சாதாரண வீழ்ச்சியல்ல. பத்துப் பன்னிரண்டு மைல் ஏறிப்போய் விழ வேண்டிய வீழ்ச்சி.

அடுத்த நாளே சொல்வேட்டை தொடங்கியது. தன் மனத்துக்கு உயர்வாகப்பட்ட சொற்களையெல்லாம் முதலில் தளத்தில் இட்டார். எழில், மரபு, விழுமியம், உயிர்த்துடிப்பு. ஒரு வாரம் காத்திருந்ததில் ‘விழுமியம்’ என்று தேடி ஒரு மாணவன் வந்தான். கட்டுரைப் போட்டிக்கு வேண்டியதைக் கொப்பி பண்ணிக்கொண்டு போய்விட்டான். ஆசிரியர் பெயரை மட்டும் கவனமாக விட்டுவிட்டுப் போனான். அடுத்து, தன் மனத்துக்குத் தாழ்வாகப்பட்ட சொற்களை முயன்றார். நடிகைகளின் பெயர்கள், லொத்தர் சீட்டு முடிவு, ஒரே வாரத்தில் உடல் மெலிய வழி. ஆட்கள் வந்தார்கள். உடல் மெலிய வந்தவர்கள் நமுனுகுலவின் மூன்றாம் சிகரத்தைக் கண்டு திகைத்தார்கள். ஒருவர் மட்டக்களப்பிலிருந்து மின்னஞ்சல் எழுதினார். அதிலிருந்த சொற்கள் எந்தத் தேடலுக்கும் உதவாதவை.

இந்த இக்கட்டான கட்டத்தில்தான் ஸ்ரீஸ்கந்தராஜா வரலாற்றில் நுழைகிறார். யாழ்ப்பாணத்துக்காரர். பதுளை அரசாங்கக் கச்சேரியில் இருபத்தைந்து வருஷமாகக் கிளாக்கர். பின்னேரங்களில் கடைக்கு வந்து, மூன்றாம் கொம்பியூட்டரில் அரைமணி நேரம் கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்துவிட்டுப் போவார். கிருஷ்ணராஜை ‘ஆசிரியர்’ என்று கூப்பிட்டவர் ஊரிலேயே அவர் ஒருவர்தான். அதில் கேலி கலந்திருந்தது என்று சிலர் சொல்வதுண்டு. கிருஷ்ணராஜ் அதை நம்பவில்லை.

“ஆசிரியர், முகம் வாடிக் கிடக்குது. என்ன விசயம்?”

கிருஷ்ணராஜ் சொன்னார்.

“ஐசே, ஒவ்வொரு நாளும் நான் இஞ்சை வந்து என்ன பாக்கிறன் எண்டு நீர் ஒருநாளாவது கவனிச்சனீரோ?”

“செய்தி பாப்பீங்க சேர்.”

“செய்தியை ரேடியோவிலை கேக்கலாம். நான் பாக்கிறது மரண அறிவித்தல். யாழ்ப்பாணத்தாக்களின்ரை தளங்களிலை ஆர் மோசம் போனது எண்டு பாப்பன்.”

“தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களான்னா சேர்?”

“அதுவும் இல்லை. என்ரை பேரைப் போட்டிருக்கிறாங்களோ எண்டு பாப்பன். போன மாசம் என்ரை மச்சாள்காரியின்ரை மாமியார் மோசம் போனவ. எல்லாற்றை பேரும் கிடக்குது. நான் இல்லை. ரெண்டு நாள் நித்திரை இல்லை எனக்கு.” ஸ்ரீஸ்கந்தராஜா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். “செத்தவரின்ரை பேரை ஆரும் தேடுறேல்லை. அவர் போயிட்டார். தேடுறது இருக்கிறவன். அவன் தேடுறது தன்ரை பேரை.”

கிருஷ்ணராஜ் நாற்காலியில் ஒரு முழுச் சுற்று சுற்றினார்.

பரிசோதித்துப் பார்க்காமல் எதையும் ஏற்பவர் அல்லர் அவர். இரண்டு நாள், கூண்டுகளைத் தூசு தட்டும் பாவனையில், நெட் பார்க்க வந்தவர்களின் தோளுக்குப் பின்னால் நின்றார். (இது முறையல்ல என்று சொல்பவர்கள், அந்தக் கடையில் ஒரு வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் தூசு தட்டப்பட்டது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.) ஸ்ரீஸ்கந்தராஜா சொன்னது அப்படியே இருந்தது. தர்மிளா டீச்சர் முதலில் தட்டியது தர்மிளா. மருந்து விற்கும் பாமசிக்காரர் தட்டியது தன் பெயர், பிறகு தன் பாமசியின் பெயர், பிறகு மறுபடி தன் பெயர். ஒன்றும் வராததைக் கண்டு, உலகம் தன்னை இன்னும் கவனிக்கவில்லை என்ற முகத்தோடு எழுந்துபோனார்கள்.

வேண்டியது பெயர்கள். மனிதர்கள் தாமாகவே கொண்டுவந்து தரும் பெயர்கள்.

மடுல்சீமையில் பெரியாயி என்ற மூதாட்டி காலமானது அந்த வாரத்தில். அவருடைய மகன்கள் இருவர் ரேடியோவுக்கு மரண அறிவித்தல் ஃபெக்ஸ் பண்ணக் கடைக்கு வந்தார்கள். முன்பெல்லாம் தோட்டத்தில் யாராவது இறந்தால் கேதம் சொல்ல லயம் லயமாக ஆள் போகும். ஆள் வந்து சொன்ன வீடு வந்தே ஆக வேண்டும். சொல்லாமல் விட்ட வீடு பத்து வருஷம் பேசாது. ரேடியோ வந்தபிறகு அந்தப் பணியை அது எடுத்துக்கொண்டது. ஆனால் ரேடியோவில் சொல்லுக்குக் காசு. அதனால் பெரியாயியின் மகன்கள் கூண்டுக்கு வெளியே நின்று, தங்கள் உறவினர்களை ஒவ்வொருவராக வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

“பெரியக்கா வீட்டுக்காரர தூக்கிரு. அவரு எப்டியும் குடிச்சுட்டு வந்து நிப்பாரு.”

“தூக்குனா வரமாட்டாரு. பாடை யாரு கட்டுறது?”

கிருஷ்ணராஜ் தொண்டையைக் கனைத்தார். “நான் நெட்டுல போட்டுத் தரேங்க. சும்மாதான். எத்தன பேர வேணும்னாலும் போடலாம்.”

இரண்டு பேரும் அவரைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள். “எல்லாத்தயுமா?”

“யாரையும் விடத் தேவையில்லீங்க. பேரப்புள்ளைங்க எத்தன?”

அதன்பிறகு நடந்தது, காலையில் தோட்டத்தில் பெயர் கூப்பிட்டு ஆள் எடுப்பதுபோல ஒரு பெரட்டு. பிள்ளைகள், மருமக்கள், பேரர்கள், கொழும்பில் கடைகளில் நிற்பவர்கள், குவைத்தில் வீட்டு வேலைக்குப் போனவர்கள், முன்னொரு காலத்தில் கப்பலேறிக் கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் போய்விட்ட தம்பிமாரும் அவர்கள் வயிற்றுப் பிள்ளைகளும் ஒவ்வொருவராக வந்து வரிசையில் நின்றார்கள். ஸ்ரீஸ்கந்தராஜா, தன் ஊர் வழக்கப்படி அதற்கு ஓர் அச்சு செய்துகொடுத்தார். அன்னாரின் அன்பு மகன், பாசமிகு மருமகள், ஆருயிர்ச் சகோதரி, சம்பந்தி, பங்காளி, உடன்பிறவாத் தங்கை என்று ஒவ்வொரு முறைக்கும் ஒரு கட்டம். கட்டம் எதுவும் வெறுமையாக இருக்கக்கூடாது என்பது அவருடைய கண்டிப்பு. “வெறும் கட்டம் கிடந்தால் பாக்கிறவைக்கு அந்தக் குடும்பத்திலை என்னவோ பிழை எண்டு தெரியும்.”

அடுத்த நாளே கூடலூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள், தளத்துக்குத்தான். அதற்கடுத்த நாள் குவைத்திலிருந்து. தங்கள் பெயரைக் கண்டவர்கள் மற்றவர்களுக்குச் சொன்னார்கள். காணாதவர்கள் கடைக்கு ஃபோன் பண்ணி ஏசினார்கள். கிருஷ்ணராஜ் மன்னிப்புக் கேட்டு, விடுபட்டவரைச் சேர்த்தார். சேர்க்கப்பட்டவர் தன் பெயரைப் பார்க்க மறுபடி வந்தார். பெரியாயி உயிரோடு இருந்த காலத்தில் அவரைப் பார்க்க வந்தவர்களைவிட இது அதிகம் என்பதைத் துக்கத்துடன் பதிவுசெய்கிறோம்.

இந்த வெற்றியில் ஒரு சிக்கல் இருந்தது. ஊவா மாகாணத்து மக்கள், கிருஷ்ணராஜின் தேவைக்கேற்ப இறந்துகொண்டிருக்கவில்லை. அவர் தோட்டத்து மரண உதவிச் சங்கங்களின் செயலாளர்களோடு நட்புக் கொண்டார். ஆஸ்பத்திரிப் பக்கம் வேலையில்லாமல் நடமாடினார். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருமிய ஒருவரிடம், “ஒங்களுக்கு எத்தன பேரப்புள்ளைங்க?” என்று அன்பாக விசாரித்தார். அவர் அடுத்த தரிப்பிடத்திலேயே இறங்கிவிட்டார். வேறு வழியின்றி முப்பத்தோராம் நாள் நினைவு, முதலாண்டு நினைவு, இருபதாண்டு நினைவு என்று கிருஷ்ணராஜ் பழைய மரணங்களைத் தோண்டினார். அதுவும் போதாதபோது, இருக்கும் மரணங்களின் பெயர்ப் பட்டியலைத் தாமாகவே நீட்டத் தொடங்கினார். ஒரே லயத்தில் குடியிருந்தவர் உடன்பிறவாச் சகோதரர் ஆனார். ஒன்றாகக் கொழுந்து பறித்தவர் உடன்பிறவாச் சகோதரி ஆனார். யாரும் ஆட்சேபிக்கவில்லை. தன் பெயரை நெட்டில் கண்டு ஆட்சேபித்த மனிதன் அதுவரை பிறந்திருக்கவில்லை.

பிறந்த இடம் தெமோதரை.

தெமோதரையில் ஒரு தோட்டத்தில் லொறி ஓட்டி ஓய்வுபெற்ற கந்தப்பன் என்பவர் ஆவணிக் கடைசியில் காலமானார். அவருடைய மூத்த மகன் லெட்சுமணன் மொட்டைத் தலையோடு வந்து விபரம் தந்துவிட்டுப் போனார். எல்லாக் கட்டங்களும் நிரம்பின. ‘பங்காளிகள்’ என்ற கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. கிருஷ்ணராஜ் தெமோதரைத் தேத்தண்ணிக் கடை ஒன்றுக்கு ஃபோன் போட்டு, கந்தப்பனுக்குப் பங்காளி யார் என்று கேட்டார். “வீரமலை கங்காணி வீடுதாங்க, வேற யாரு” என்றார் கடைக்காரர். அவர் இன்னும் ஏதோ சொல்லத் தொடங்கினார். ஆனால் ஆசிரியருக்கு நேரம் பொன்னானது, ரிசீவரை வைத்துவிட்டார்.

கடைக்காரர் சொல்லவந்தது இது. இரண்டு குடும்பமும் ஒரே குலசாமியைக் கும்பிட்டு ஒரே ஊரிலிருந்து வந்த பங்காளிகள்தான். ஆனால் தாத்தாக்கள் காலத்தில் ஒரு காமன் கூத்தில், காமன் வேஷம் யார் கட்டுவது என்று சண்டை வந்தது. அன்றிலிருந்து பங்காளியே இல்லை என்று இரு பக்கமும் சொல்லிவிட்டது. ஒரு வீட்டு நல்லது கெட்டதுக்கு மற்ற வீடு எட்டிப் பார்ப்பதில்லை.

இது தெரியாமல் கிருஷ்ணராஜ், வீரமலை, அவர் மனைவி, பிள்ளைகள், மருமக்கள் அனைவரையும் பங்காளிகள் கட்டத்தில் நிறுத்தினார். வீரமலையின் கடைசி மகள் விதுஷாவுக்கு மாப்பிள்ளை நிச்சயமாகியிருப்பது விசாரித்ததில் தெரியவர, ‘விரைவில் மருமகனாகவுள்ள மடுல்சீமை அனுஷன்’ என்பதையும் சேர்த்தார். ஒரு பெயர் என்றாலும் பெயர்தானே.

மூன்றாம் நாள் காலை, வெள்ளை வேட்டியும் கோட்டுமாக ஒரு மனிதர் கடைக்குள் வந்து நின்றார்.

“நீங்கதானா அந்த ஆசிரியரு?”

முன்பின் தெரியாத ஒருவர் வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்ட கிருஷ்ணராஜ் பூரித்து எழுந்தார். “ஆமாங்க. ஒக்காருங்க.”

“ஒக்கார வரல. நான் தெமோதர வீரமலை. வர்ற வெள்ளிக்கெழம எம் மகளுக்குக் கல்யாணம். அத நிப்பாட்டுன ஆள் எப்டி இருப்பாருன்னு பாத்துட்டுப் போக வந்தேன்.”

விஷயம் மெதுவாக வெளிவந்தது. மாப்பிள்ளையின் அக்கா குவைத்தில் இருக்கிறாள். தம்பியின் பெயரை நெட்டில் தேடிப் பார்த்திருக்கிறாள். மரண அறிவித்தலில் தம்பி. உடனே மடுல்சீமைக்கு ஃபோன். மாப்பிள்ளையின் அப்பா வீரமலைக்கு ஃபோன். பங்காளி செத்தால் பதினாறு நாள் தீட்டு. தீட்டு வீட்டில் பெண் எடுக்கச் சொல்கிறீர்களா என்று அவர் கேட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை தவறினால் ஆவணி முடிந்துவிடும். புரட்டாதியில் கல்யாணம் இல்லை. ஐப்பசி பிறப்பதற்குள் மாப்பிள்ளையின் லீவு முடிந்து அவன் டுபாய்க்குப் பறந்துவிடுவான்.

“நாங்க பங்காளி இல்லன்னு மூணு தலமுறையா சொல்லிக்கிட்டு இருக்கோம்,” என்றார் வீரமலை. “ஒரு பய கேக்கல. நீங்க ஒரு நாள் போட்டீங்க, குவைத் வரைக்கும் நம்பிட்டாங்க.”

கிருஷ்ணராஜுக்கு உள்ளூர ஒரு பெருமை ஏற்பட்டதை மறைப்பதற்கில்லை. “எடுத்துடுறேங்க. இப்பவே எடுத்துடுறேன்.”

“எடுத்தா பத்தாது. பாத்தவங்க பாத்துட்டாங்க. நாங்க பங்காளி இல்லன்னு போடணும். அதுல அந்த வீட்டுக்காரனும் கையெழுத்து வைக்கணும்.”

லெட்சுமணனுக்கு ஃபோன் போயிற்று. பத்து மணி பஸ்ஸில் வந்துசேர்ந்தார். அதற்குள் ஸ்ரீஸ்கந்தராஜாவும் கச்சேரியிலிருந்து தேநீர் இடைவேளைக்கு வந்துவிட்டார். அன்று அந்த இடைவேளை பகல் சாப்பாடு வரை நீண்டது.

விஷயத்தைக் கேட்ட லெட்சுமணன், வீரமலையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சட்டென்று தோளிலிருந்த துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினார்.

“பங்காளி இல்லன்னு எப்டிங்க கையெழுத்து போடுவேன்? என்னா இருந்தாலும் இவரு எனக்குச் சித்தப்பா மொறை. எங்கப்பா சாகும்போதுகூட ‘வீரமல வந்தானா’ன்னுதான் கேட்டாரு.”

“ஒங்கப்பா என்னய ரோட்டுல கண்டா லொறிய மேல ஏத்தப் பாப்பாரு,” என்றார் வீரமலை.

“அது பாசத்துல சித்தப்பா.”

“டேய், போன மாசி மாசம் நீயே கோயில்ல வச்சு, வீரமல வீட்டுக்கும் நமக்கும் சாம்பல் சம்பந்தம்கூட கெடையாதுன்னு சொன்னியா இல்லியா?”

“அப்ப எங்கப்பா உசிரோட இருந்தாரு. இப்ப எனக்கு அப்பா ஸ்தானத்துல யாரு இருக்கா? நீங்கதான இருக்கீங்க. நீங்க பதினாறு நாள் தீட்டு காக்கணும் சித்தப்பா. கல்யாணத்த தள்ளி வைங்க.”

மூன்று தலைமுறையாகக் காணாமல் போயிருந்த பாசம், மற்றவனுடைய கல்யாணத்தை நிறுத்த உதவும் என்று தெரிந்த மாத்திரத்தில் முழு வளர்ச்சி பெற்று வந்து நின்ற காட்சி, கடையில் ஃபோட்டோகொப்பி எடுக்க நின்றவர்களையும் உருக்கிவிட்டது. கிருஷ்ணராஜ் இரண்டு பக்கத்தையும் கணக்குப் போட்டார். பங்காளி அல்ல என்று ஒருபக்கமாகப் போட்டால் செத்த வீட்டை அவமதித்ததாகும். போடாவிட்டால் ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றுபோகும். எதைச் செய்தாலும் ஒரு தோட்டமே திரண்டு வரும், இம்முறை தளத்துக்கல்ல.

அப்போது ஸ்ரீஸ்கந்தராஜா கண்ணாடியைத் தூக்கினார். அவருக்கு வழக்கில் அக்கறையில்லை, அச்சு ஒழுங்காக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

“ஆசிரியர், பங்காளியெண்டு முடிவெண்டால் நீர் போட்ட வரிசை பிழை. மூத்த கிளையை எல்லோ முதல் போடவேணும். மூத்த கிளை ஆர்?”

“நாங்கதான்,” என்றார் வீரமலை. “வயசுல கந்தப்பன் பெரியவருதான். ஆனா எங்க தாத்தாதான் மூத்தவரு. கொலசாமிக்கே தெரியும்.”

“அப்ப பெரிய எழுத்திலை மேலை உங்கடை பேர். கோயிலிலை முதல் திருநீறும் உங்களுக்குத்தானே?”

“மொறைப்படி எங்களுக்குத்தான்.”

“காமன் கூத்திலை காமன் வேசம்?”

“மூத்த கொடிதான் கட்டணும். பங்காளி இல்லன்னு ஆனதுனால இத்தன வருசம் விட்டுக்கிட்டு இருந்தோம்.”

லெட்சுமணனின் அழுகை நின்றது. பத்து வருஷமாகத் தெமோதரையில் காமன் வேஷம் கட்டுபவர் அவர். அந்த வேஷத்துக்காக வாங்கிய பட்டு வேட்டி ஒன்று அவர் டிரங்குப் பெட்டியில் இருந்தது. அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். மெதுவாக, நிதானமாகத் துடைத்தார்.

“பங்காளின்னு யாருங்க சொன்னது?” என்றார்.

“நீதான்டா இப்ப சொன்ன.”

“துக்கத்துல ஆயிரம் சொல்லுவேங்க. பேனாவ எடுங்க.”

இவ்வாறு, ஈழத்து இணைய வரலாற்றில் இதற்கு முன் எவரும் முயன்றிராத அந்த அறிவித்தல் அன்று மதியம் வெளிவந்தது. ‘தெமோதரை, காலஞ்சென்ற கந்தப்பன் அவர்கள் தொடர்பில் சகலருக்கும் அறியத்தருவதாவது: வீரமலை அன்னாரின் பங்காளி அல்லாதவரும், அவர்தம் மனைவி அன்னாரின் கொழுந்தி அல்லாதவரும், விதுஷா அன்னாரின் பெறாமகள் அல்லாதவரும், அனுஷன் எக்காலத்திலும் அன்னாரின் மருமகனாக மாட்டாதவரும் ஆவர். இவ்வறிவித்தலை உற்றார் உறவினர் அல்லாதோர் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.’ கீழே இருவரின் கையெழுத்து. அச்சில் கட்டங்கள் ஏற்கெனவே இருந்ததால், ஒவ்வொன்றிலும் ‘அல்லாதவர்’ சேர்ப்பதோடு வேலை முடிந்தது.

வெள்ளிக்கிழமை கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் அறிவித்தலைப் பிரிண்ட் எடுத்துவந்து, மணவறைக்குப் பக்கத்துச் சுவரில் எல்லாரும் பார்க்க ஒட்டியிருந்தார்கள்.

அதற்கடுத்த வாரம் கடையில் கூட்டம். ஹாலிஎலையிலிருந்து ஒருவர் தன் மனைவியின் தம்பியோடு தனக்கு உறவில்லை என்று போட வேண்டும் என்றார். மனைவி இருக்கும்போது அது முடியாதே என்றதற்கு, மனைவிக்கும் தம்பிக்கும் உறவில்லை என்று போடலாமா என்று கேட்டார். ஒரு பாடசாலை அதிபர், கோழித் திருட்டில் பிடிபட்ட ஒருவனுடைய தாய்மாமன் தானல்ல என்பதை உலகறியச் செய்ய விரும்பினார். உள்ளூர்த் தேர்தல் ஒன்றில் தோற்ற வேட்பாளருக்கு உறவினர் அல்லாதோர் ஒரே நாளில் அறுபது பேர் திரண்டார்கள். ‘ஊவா முகில்’ இதுவரை கண்ட மிக நீண்ட பட்டியல் அது. யார் யாரோடு உறவில்லை என்று பார்க்கக் கொழும்பும் கோத்தகிரியும் குவைத்தும் நாள் தவறாமல் வந்தன. தன் பெயரைத் தேடி வந்தவன், தன்னை யார் கைவிட்டார் என்றும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போனான்.

தீபாவளியன்று காலையில் ஃபோன் வந்தது.

“மாப்ள, ஐந்நூறு கேட்டேன், நீ ஆயிரத்தத் தாண்டிட்ட. தளம் இருக்கும். நீதான் ஆசிரியரு. தராசுக்கு வேற ஆள் பாக்கச் சொல்லிட்டேன்.”

கிருஷ்ணராஜ் ரிசீவரோடு நாற்காலியில் ஒரு சுற்று சுற்றினார்.

“ஒண்ணே ஒண்ணு மாப்ள. அந்த ஒன்பது சிகரத்த தூக்கிரு.”

“மச்சான்?”

“கணக்கு பாத்தேன். அந்தப் பக்கத்த தொறந்த ஒருத்தனும் அங்க நிக்கல. தளத்துக்கே அது பாரமா இருக்கு. பேருங்கள மட்டும் போடு. பேரு, மொறை. பேரு, மொறை. அது போதும்.”

மூன்று சிகரங்களும் அன்று மாலைக்குள் இறக்கப்பட்டன. அதன்பின் ஆசிரியர் நாற்காலி சுழலவில்லை. வெற்றி பெற்ற மனிதனின் முகம் இப்படியும் இருக்கும் என்று குணமணிக்குத் தெரியாது. பலகாரத் தட்டு அப்படியே இருந்ததைக் கண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“என்னா வேணும் ஒங்களுக்கு? அண்ணன்தான் நீங்களே ஆசிரியருன்னு சொல்லிருச்சே.”

“எழுதுறத யாராச்சும் படிக்கணும் குணமணி.”

“யாரு படிக்கணும்?”

“யாராச்சும். ஒருத்தர்.”

குணமணி ஒரு முறுக்கை உடைத்து அவர் கையில் ஒரு பாதியை வைத்தாள். “சாவு வீட்டுக்கு வர்றவங்க நேரா பொணத்துக்கிட்டயா போறாங்க? வாசல்ல நிக்கிறவங்ககிட்ட நாலு வார்த்த கேட்டுட்டுத்தான உள்ள போறாங்க. ஒங்க மலைய கொண்டுபோயி வாசல்ல வைங்க. பேருங்கள உள்ளுக்க வைங்க. அண்ணன் கணக்குத்தான பாக்கும். படிச்சா பாக்கப்போகுது?”

கிருஷ்ணராஜ் முறுக்கைத் தின்றார்.

அடுத்த மரணம் நமுனுகுலப் பக்கத்திலேயே நிகழ்ந்தது. அறிவித்தல் இவ்வாறு தொடங்கியது: ‘நமுனுகுலவின் நான்காம் சிகரம் வீரச்சுவை நிரம்பியது. சிவந்த காட்டுப் பூக்கள் அதன் தோளில் போர்க்களத்துக் குருதியெனப் பூத்துக்கிடக்கும்.’ இப்படி மூன்று நீண்ட பந்திகள் ஏறி இறங்கிய பிறகு, ‘இத்தகைய சிகரத்தின் அடிவாரத்தில் கொந்தரப்புக் கூலிவேலை செய்துவந்தவரான அன்னார்’ என்று வந்து சேர்ந்தது. அதன்பின் பிள்ளைகள், மருமக்கள், அல்லாதோர். வீட்டார் பிரிண்டை வாங்கி விரலால் தடவிக்கொண்டே போய், தங்கள் பெயர்கள் வந்ததும் நின்று, “நல்லாருக்குங்க,” என்றார்கள்.

இப்படியே ஒரு மாதம். பிறகு குவைத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் பெயர் ஆர்த்திகா. வீட்டு வேலைக்குப் போயிருப்பவர். ‘ஐயா, எங்கள் மாமாவின் அறிவித்தல் பார்த்தேன். நீங்கள் எழுதிய சிவப்புப் பூ அந்த மலையில் இல்லை. அங்கே புல்லுதான். பூ இருப்பது அடுத்த மலையில், நாங்கள் விறகு பொறுக்குகிற பக்கம். போர்க்களம் மாதிரி எல்லாம் இருக்காது. கொஞ்சமாகத்தான் இருக்கும். ஆனால் தூரத்திலிருந்தே தெரியும். திருத்திவிடுங்கள்.’

கிருஷ்ணராஜ் அதை ஃபோட்டோகொப்பி எடுத்தார். நான்கு கொப்பி. ஒன்றைக் குணமணியிடமும், ஒன்றை மின்னஞ்சலின் உண்மைத்தன்மையைச் சோதிக்குமாறு ஸ்ரீஸ்கந்தராஜாவிடமும் கொடுத்தார். மற்ற இரண்டையும் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

“பிழை பிடிச்சிருக்கிறாள் ஐசே,” என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா.

“கடைசி வரைக்கும் படிச்சிருக்கா சேர்.”

அன்று பின்னேரம் பசறைப் பக்கத்திலிருந்து ஒருவர், தந்தையை இழந்த துக்கத்தோடு கடைக்கு வந்தார். விபரங்கள் எழுதியாயிற்று. ஆசிரியர் நாற்காலியில் ஒரு சுற்று சுற்றி, பிழை திருத்துநராகி, அறிவித்தலின் தலையில் முதலாவதாக ஒரு திருத்தம் போட்டார். நான்காம் சிகரத்தில் பூத்ததாகக் கூறப்பட்ட சிவப்புப் பூக்கள் உண்மையில் ஐந்தாம் சிகரத்தில், விறகு பொறுக்கும் பக்கத்தில், கொஞ்சமாகவே பூக்கின்றன. தவறுக்கு வருந்துகிறோம்.

வந்தவர் திரையை எட்டிப் பார்த்து, அதை இரண்டு முறை படித்தார்.

“அந்தப் பூ எங்கப்பாவுக்கு என்னா மொறைங்க?”

“மொறையெல்லாம் ஒண்ணும் இல்லீங்க,” என்றார் ஆசிரியர். “வாசகி ஒருத்தங்க கேட்டிருக்காங்க. சொல்லுங்க, ரெண்டாவது மருமக பேரு என்னா?”